போர்ட் போய்விட்டது என்கிறார்கள், என்ன செய்வது?

நீங்கள் கேட்டதை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. தெஹிவளையில் இருக்கிறீர்கள். வாங்கி மூன்றரை வருடம் ஆன வொஷிங் மெஷின், கரண்ட் போய் வந்த ஒரு காலையில் லைட்கூட எரியாமல் நின்றுவிட்டது. வந்து பார்த்தவர் ஐந்து நிமிடத்தில் “போர்ட் போயிட்டுது”, அதாவது மெஷினை ஓட்டும் மின்சுற்றுப் பலகை கெட்டுவிட்டது என்று சொல்லி, மாற்ற 68,000 ரூபா கேட்டிருக்கிறார். அம்மா வீட்டிலோ 1989இல் வாங்கிய பிரிஜ் இன்றைக்கும் ஓடுகிறது. ‘கம்பனிக்காரர்கள் வேண்டுமென்றே கெட்டுப்போகும்படிதான் செய்கிறார்களா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்காமல் விட்ட இரண்டாவது கேள்வி, ‘அந்த 68,000 ரூபாயைக் கொடுக்கட்டுமா, இவர் என்னை ஏமாற்றுகிறாரா?’ என்பது. இரண்டுக்கும் எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

மருதானை தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு, கொட்டாஞ்சேனையில் ஒரு பாஸிடம் ஈயம் வைக்க (ஈயத்தை உருக்கிச் சாமானைப் போர்டில் ஒட்ட) பழகி, இப்போது வெள்ளவத்தையில் ஒரு ஒழுங்கைக்குள் சின்னதாக வேர்க்ஷொப் வைத்திருக்கிறேன். இருபத்தேழு வருடமாகப் போர்ட்தான் என் சோறு. ஆனாலும் உங்கள் மெஷினை நான் பார்க்கவில்லை. அதனால் அதற்கு என்ன நடந்தது என்று நான் சொல்வதெல்லாம் ஊகம். இந்த மாதிரி மெஷின்களுக்குப் பொதுவாக என்ன நடக்கிறது என்பதை மட்டும் நிச்சயமாகச் சொல்லலாம்.

முதலில் சந்தேகத்தைப் பார்ப்போம். உங்கள் சந்தேகம் வீண் சந்தேகம் இல்லை. 1924இன் கடைசியில் ஜெனீவாவில் ஒஸ்ராம், பிலிப்ஸ் போன்ற பெரிய பல்ப் கம்பனிகள் கூடி, ஃபீபஸ் என்ற பெயரில் ஒரு கூட்டு அமைத்தன. ஒரு பல்ப் 1,000 மணித்தியாலத்துக்கு மேல் எரியக்கூடாது என்று பேசி முடித்து, அதைவிட நீண்ட காலம் எரியும் பல்பைச் செய்த கம்பனியிடம் அபராதம் வாங்கினார்கள். இரண்டாம் உலகப் போர் வந்துதான் அது கலைந்தது. நம் காலத்திலேயே, பற்றரி பழசான ஐபோன்களின் வேகத்தை மென்பொருளால் குறைத்ததை 2017 டிசம்பரில் அப்பிள் ஒப்புக்கொண்டது. 2020இல் பிரான்ஸ் அதற்கு 25 மில்லியன் யூரோ அபராதம் போட்டது. அந்த அபராதம் குறைத்ததற்காக அல்ல, பாவனையாளருக்குச் சொல்லாமல் குறைத்ததற்காக. பல்ப் விஷயத்திலும் இன்னொரு பக்கம் உண்டு. இழை சூடாக எரிந்தால் வெளிச்சம் கூடும், ஆயுள் குறையும். ‘நல்ல வெளிச்சத்துக்காகத்தான் செய்தோம்’ என்று அவர்களால் அன்றைக்கே சொல்ல முடிந்தது. ஒரு கம்பனியின் மனதுக்குள் என்ன இருந்தது என்பதை வெளியிலிருந்து நிரூபிப்பது அவ்வளவு கஷ்டம்.

என் மேசைக்கு வந்த போர்டுகளில் ‘இத்தனையாம் நாள் செத்துப்போ’ என்று எண்ணும் ஒரு கடிகாரத்தை நான் இதுவரை கண்டதில்லை. கண்டதெல்லாம் சின்னச் சின்னக் கஞ்சத்தனம்தான். ஒரு உதாரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இது விளங்கினால் பாதி விஷயம் விளங்கிவிடும்.

வொஷிங் மெஷின் போர்டில் லிப்ஸ்டிக் மூடி மாதிரி உருண்டையாக நிற்கும் சில கப்பாசிட்டர்கள் இருக்கும், மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் சேர்த்து வைக்கும் சாமான்கள். உள்ளே ஒரு திரவம் ஊறிய காகிதம், மேலே அலுமினியச் சட்டை. அந்தத் திரவம் வருடக்கணக்கில் மெல்ல மெல்ல வற்றும். பக்கத்தில் பொடியெழுத்தில் 105 டிகிரி என்று போட்டிருக்கும். மலிவான வகை என்றால் அந்த 105 டிகிரியில் 2,000 மணித்தியாலம் தாங்கும் என்று அர்த்தம். சூடு பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் போடும் கணக்கு. 65 டிகிரியில் வேலை செய்தால் 32,000 மணித்தியாலம் வரும். ஒரு வருடத்துக்கு 8,760 மணித்தியாலம். வகுத்துப் பாருங்கள், மூன்று வருடமும் ஏழெட்டு மாதமும் வருகிறது.

‘நான் கிழமைக்கு நாலு தரம்தானே உடுப்புத் தோய்க்கிறேன்’ என்பீர்கள். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. பழைய மெஷினில் திருகுகிற டைமர் இருந்தது, நிறுத்தினால் நின்றுவிடும். இப்போதைய மெஷினில் தொட்டால் எரியும் பட்டன். நீங்கள் தொடுவதற்காகக் காத்துக்கொண்டு, சுவரில் சுவிட்ச் போட்டிருக்கும் நேரமெல்லாம் அந்தப் போர்டின் ஒரு பகுதி விழித்திருக்கிறது. இராப்பகலாக அது கொஞ்சம் சூடாகவே இருக்கும். எல்லாப் போர்டும் 65 டிகிரிக்குப் போவதில்லை. காற்றுப் படும் இடத்தில் நிற்கும் மெஷின் இதைவிட இரண்டு மடங்கு காலம் தாங்கும். பத்து வருடம் ஓடியதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் சில ரூபாய் கூடக் கொடுத்தால் 5,000 மணித்தியாலக் கப்பாசிட்டரைப் போட்டிருக்கலாம். போடவில்லை. இலட்சக்கணக்கில் செய்யும்போது அந்தச் சில ரூபாய் பெரிய தொகை. வேண்டுமென்றே செய்தார்களா என்று கேட்டால், என் பதில் இதுதான்: சாகட்டும் என்று செய்யவில்லை, வரன்டி முடியும்வரை தாங்கினால் போதும் என்று செய்திருக்கிறார்கள். உங்கள் கைக்காசுக்கு இரண்டும் ஒன்றுதான் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் உங்கள் மெஷின் கப்பாசிட்டர் வற்றிச் செத்ததாக எனக்குத் தோன்றவில்லை. அது மெல்ல நடக்கும் சாவு. முதலில் டிஸ்ப்ளே மினுங்கும், ஒருநாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது. உங்களுடையது கரண்ட் திரும்பி வந்த கணத்தில் நின்றிருக்கிறது. அப்படியென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கரண்டைத்தான்.

நம் நாட்டில் வீட்டுக்கு வர வேண்டியது 230 வோல்ட், ஆறு வீதம் கூடிக் குறையலாம். அதாவது 216இலிருந்து 244 வரை. பெரும்பாலான நேரம் அப்படித்தான் வருகிறது. கரண்ட் போய் வரும்போதுதான் வில்லங்கம். அந்தப் பக்கத்திலுள்ள ஏசி, பிரிஜ், தண்ணீர் மோட்டர் எல்லாம் ஒரே நேரத்தில் இழுக்கும், வோல்ட்டேஜ் குதித்து ஆடும். இதைவிட மோசமானது நியூட்ரல் கழல்வது. வீதிக் கம்பத்தில் கரண்டைக் கொண்டுவரும் மூன்று பேஸ் கம்பிகளும், அது திரும்பிப் போகும் ஒரு நியூட்ரல் கம்பியும் ஓடுகின்றன. அந்த நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால் ஒரு வீட்டில் பல்ப் மங்கும், அடுத்த வீட்டில் 230க்குப் பதில் 300, 350 என்று ஏறி, மோசமான நிலையில் 400 பக்கம்கூடப் போகும். ஒரே ஒழுங்கையில் நாலு வீட்டு ரீவி ஒரே நாளில் போனதென்றால் நான் வேறு ஆராய்ச்சி செய்வதில்லை.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வெட்டியதைவிட, ஒவ்வொரு நாளும் பல தடவை திரும்பக் கொடுத்ததில்தான் சாமான்கள் செத்தன. அந்த மாதங்களில் என் வேர்க்ஷொப்பில் கால் வைக்க இடமில்லை. டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு ஏறி, இறக்குமதிக்கும் தடை இருந்ததால் உதிரிப்பாகம் கிடையாது. செத்த போர்டிலிருந்து பிடுங்கி அரைச்சாவாக இருக்கும் போர்டுக்கு வைத்து ஓட்டினோம். பிறகு 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுக்க இருண்டதே, அந்தக் கிழமையும் எனக்கு நல்ல வியாபாரம். சொல்லக்கூடாதுதான்.

இன்னொன்று கொழும்புக் காற்று. தெஹிவளை என்கிறீர்கள், கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்று தெரியாது. ரயில் பாதைக்குக் கிட்ட என்றால் உப்புக் காற்றைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, ஜன்னல் கம்பியே சொல்லும். வெள்ளவத்தையில் கடல் பக்கம் மாட்டிய ஏசி வெளிப்பெட்டியைக் கழற்றிப் பார்த்தால், செப்புக் குழாயைச் சுற்றியுள்ள அலுமினியத் தகடு விரலால் தொட விபூதி மாதிரி உதிரும். இரண்டு உலோகம், நடுவில் உப்பு ஈரம், அவ்வளவுதான், அதுவே ஒரு பற்றரி. போர்டில் இது இவ்வளவு வெளிப்படையாகத் தெரியாது. பச்சையாகப் பூத்த ஒரு கால், கறுத்துப்போன ஒரு கோடு, அப்படித்தான் இருக்கும்.

அப்புறம் பல்லி. சிரிக்காதீர்கள். சூடாக இருக்கும் இடத்தைத் தேடி உள்ளே போய், இரண்டு காலையும் இரண்டு கம்பியில் வைத்து, தானும் செத்து போர்டையும் கொன்றுவிட்டு, கருவாடு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். எறும்பு ரிலேக்குள், அதாவது கரண்டால் தானே திறந்து மூடும் சின்னச் சுவிட்சுக்குள், கூடு கட்டும். குளிர் நாட்டு மேசையில் இருந்து இந்த மெஷினை வரைந்தவருக்குப் பல்லி என்றொரு சீவன் ஞாபகத்துக்கே வந்திருக்காது.

சரி, அம்மாவின் பிரிஜ்ஜுக்கு வருவோம். அது நல்ல பிரிஜ்தான், மறுக்கவில்லை. ஆனால் 1989இல் அதோடு ஒரே நாளில் வாங்கிய மற்றப் பிரிஜ்கள் எங்கே? அவையெல்லாம் போத்தல் பேப்பர்காரரோடு போய்விட்டன, அதனால் யாரும் அவற்றைப் பற்றிப் பேசுவதில்லை. மிஞ்சியதை மட்டும் பார்த்து ‘அந்தக் காலத்துச் சாமான்’ என்கிறோம். அதற்குள் கெட்டுப்போக அதிகம் இல்லை என்பதும் உண்மை. ஒரு கொம்பிரசர், ஒரு தேர்மோஸ்டாட், ஒரு சின்ன ரிலே, ஒரு பல்ப். போர்ட் என்று ஒன்றே கிடையாது. எங்கள் வீட்டுப் பிரிஜ்ஜை அப்பா சீட்டுக் காசில் வாங்கினார், சீட்டு முடியும்வரை அம்மா வேறு எதுவும் கேட்கவில்லை. அவ்வளவு பெரிய விலைக்குக் கனமான இரும்பு போட்டுக் கொடுக்க முடிந்தது. கரண்டை மட்டும் அது நிறையத் தின்னும். இப்போதைய இன்வேர்ட்டர் பிரிஜ் அதில் பாதிகூடத் தேவைப்படாமல் ஓடும், அதற்குத்தான் அந்தப் போர்ட்.

அம்மாவிடம் ஒன்று சொல்லி வையுங்கள். 1989 என்றால் உள்ளே இருப்பது அநேகமாக ஆர்-12 வாயு. ஓசோனைக் கெடுக்கும் என்று 1987இல் மொன்ட்ரியல் உடன்படிக்கை போட்டு ஒதுக்கிய வாயு அது. நம்மைப் போன்ற நாடுகளிலும் 2010க்குள் நிறுத்தியாயிற்று. ஒருமுறை வெளியேறினால் அதே வாயுவை நிரப்ப முடியாது. ஆகவே ஐஸைச் சுரண்டக் கத்தி எடுக்கக்கூடாது. கதவைத் திறந்து, ஒரு பாத்திரம் சுடுதண்ணீரை உள்ளே வைத்து உருகவிடச் சொல்லுங்கள். பழைய பிரிஜ் பல கத்தியால்தான் செத்தது.

கோபப்பட வேண்டிய இடம் ஒன்று உண்மையில் இருக்கிறது, அது கெட்டுப்போவது அல்ல. மனிதன் செய்த எதுவும் கெட்டுப்போகும். கெட்டுப்போனதைத் திருத்த விடாமல் வைத்திருப்பதுதான் என் சண்டை. உங்கள் மெஷின் போர்ட் ஒரு பிளாஸ்டிக் தட்டில் கிடந்து, அதன் மேல் ரெசின் என்ற இறுகும் பசையை ஊற்றியிருப்பார்கள், தொதல் மாதிரி. ஈரமும் பல்லியும் போகாமல் இருக்க என்று சொல்வார்கள், அது உண்மைதான். ஆனால் உள்ளே ஐம்பது ரூபாய்ச் சாமான் ஒன்று எரிந்தால் அந்த ரெசினைச் சூடு காட்டிச் சுரண்டி எடுக்கவே அரை நாள் போகும். முன்பக்கம் திறக்கும் மெஷின்கள் பலவற்றில், தண்ணீர் நிற்கும் பிளாஸ்டிக் தொட்டியின் இரண்டு பாதியையும் உருக்கி ஒட்டியிருக்கிறார்கள். உள்ளே பெயாரிங் (சுழலும் தண்டைத் தாங்கும் வளையம்) போனால் தொட்டியோடு மாற்று என்கிறார்கள். சர்க்கிட் படமும் தருவதில்லை, போர்டிலுள்ள தனிச் சாமானும் விற்பதில்லை. முழுப் போர்ட்தான்.

வரன்டி ஸ்டிக்கரையும் ஒருமுறை பாருங்கள். ‘மோட்டருக்கு 10 வருடம்’ என்று தங்க நிறத்தில் பெரிதாக ஒட்டியிருக்கும். மோட்டர் சாவதை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன், அதனால் பத்து வருடம் கொடுப்பதில் அவர்களுக்கு நட்டம் இல்லை. அடிக்கடி சாகும் போர்டுக்கு எத்தனை வருடம் என்பது உள்ளே அட்டையில் பொடியெழுத்தில் இருக்கும், ஒன்றோ இரண்டோ. ஐரோப்பாவில் 2021 மார்ச்சிலிருந்து வொஷிங் மெஷினுக்கு முக்கிய உதிரிப்பாகங்களைப் பத்து வருடம் கிடைக்கும்படி வைத்திருக்க வேண்டும் என்று சட்டம். 2024இல் திருத்தும் உரிமைக்கே தனியாக ஒன்று கொண்டுவந்தார்கள். நம்மிடம் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் சட்டம் இருக்கிறது. வரன்டிக்குள் கடைக்காரர் கையை விரித்தால் 1977 என்ற இலக்கத்துக்குப் போன் அடித்து முறையிடலாம். உங்களுடையது வரன்டி தாண்டிவிட்டது என்றால் அந்த வழி பெரிதாக உதவாது.

இனி அந்த 68,000 ரூபா. வந்தவர் உங்களை ஏமாற்றுகிறார் என்று நான் நினைக்கவில்லை. கம்பனி சேவிஸ் ஆட்களுக்கு ஈயம் வைக்க அனுமதி இல்லை, போர்ட்டை மாற்றுவதுதான் அவர்களுக்குக் கொடுத்திருக்கும் வேலை. அவர் ஐந்து நிமிடத்தில் சொன்னதும் சரியாகவே இருக்கலாம். ஆனால் பணம் கொடுக்கும் முன் மூன்று காரியம் செய்யுங்கள். முதலாவது, அதே பிளக் பொயின்ட்டில் ஒரு டேபிள் லாம்பைப் போட்டுப் பாருங்கள். எரிந்தால், மெஷின் பிளக்குக்குள் இருக்கும் 13 ஆம்பியர் பியூஸை மாற்றிப் பாருங்கள். வெட்கப்படுகிற விஷயம்தான், ஆனால் பியூஸ் மட்டும் போன மெஷினை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள். இரண்டாவது, போர்ட்டை மட்டும் கழற்றி, தனித்தனிச் சாமானாகப் பார்த்துத் திருத்துகிறவரிடம் காட்டுங்கள். கரண்ட் குதித்ததால் போனதென்றால், போர்டுக்குள் கரண்ட் நுழையும் வாசலிலேயே இருக்கும் வேரிஸ்டர் என்ற நீல வட்டத் தட்டு கறுத்து வெடித்திருக்கும், பக்கத்தில் பியூஸ் போயிருக்கும். உள்ளே உள்ளதைக் காப்பாற்றத் தன் உயிரைக் கொடுப்பதற்காகவே வைத்த சாமான் அது. அதோடு நின்றிருந்தால் சாமான் விலை சில நூறு ரூபாய்தான், மிச்சம் கைக்கூலி. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் அந்தச் சாமான்கள் வாங்கலாம். அதைத் தாண்டி பவர் ஐசி (போர்டுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் சிப்), மோட்டரை ஓட்டும் பகுதி என்று உள்ளே போயிருந்தால் செலவு ஏறும், பிழைக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். மூன்றாவது, திருத்தினாலும் மாற்றினாலும் மூன்று மாதமாவது எழுதித் தரச் சொல்லுங்கள். மாற்றினால் பழைய போர்ட்டை உங்களிடமே கேட்டு வாங்குங்கள். காசு கொடுத்தது நீங்கள், அது உங்கள் சாமான்.

நீங்களே திறக்க வேண்டாம். சுவரில் 230 வோல்ட், போர்டுக்குள் அது 325 வோல்ட் டிசியாக (ஒரே திசை மின்சாரமாக) நிற்கும், பிளக்கைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும். மைக்ரோவேவ் அவனின் கதை இன்னும் மோசம், அதற்குள் 2,000 வோல்ட்டுக்கு மேல். அதை எங்களில் பலரே பயந்து பயந்துதான் திறப்போம்.

திருத்தவே முடியாது என்று இரண்டாவது ஆளும் சொன்னால்? மெஷின் சுற்றும்போது முன்பு கடகடவென்று சத்தம் போட்டதா, கீழே துருத் தண்ணீர் கசிந்ததா என்று யோசியுங்கள். அப்படி இருந்தால் பெயாரிங்கும் போகப் போகிறது, 68,000 ரூபாயை அதில் போட வேண்டாம். சத்தமே இல்லாமல் நன்றாக ஓடியதென்றால், அதே அளவுப் புது மெஷினின் விலையில் பாதிக்குக் குறைவாகப் போர்ட் கிடைத்தால் மாற்றலாம் என்பது என் கணக்கு. இது என் வாடிக்கையாளர்களுக்கு நான் சொல்லும் கணக்குத்தான், விதி இல்லை.

பிறகு எதுவானாலும், தோய்த்து முடிந்ததும் சுவர் சுவிட்சை நிறுத்திவிடுங்கள். காசில்லாத வைத்தியம் இதைவிட வேறில்லை. கரண்ட் போனால் உடனே எல்லாச் சுவிட்சையும் நிறுத்தி, வந்து ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். பிரிஜ்ஜுக்கும் அது நல்லது, உள்ளே அழுத்தம் இறங்காமல் கொம்பிரசர் கிளம்பத் திணறும். வோல்ட்டேஜ் கூடினால் தானே வெட்டும் கருவி ஒன்றை ட்ரிப் சுவிட்ச் பெட்டியில் நல்ல எலக்ட்ரீஷியனை வைத்துப் போடுவதும் பிரயோசனம், நியூட்ரல் கழன்றால் காப்பாற்றுவது அதுதான். சேர்ஜ் புரொடெக்டர் (வோல்ட்டேஜ் குதிப்பைத் தடுப்பது) என்று எழுதி, சிவப்பு லைட் மட்டும் எரியும் மலிவு எக்ஸ்டென்ஷன் கோட் பலவற்றை உடைத்துப் பார்த்திருக்கிறேன், உள்ளே அந்த லைட்டைத் தவிர ஒன்றுமில்லை.

போர்ட்டைக் கழற்றுபவரிடம் சொல்லி, இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்து மொடல் இலக்கத்தோடு எனக்குக் காட்டுங்கள், பார்த்துச் சொல்கிறேன். பல்லி ஏதும் ஒட்டியிருந்தால் தட்டிவிடாமல் அதையும் சேர்த்தே எடுக்கச் சொல்லுங்கள், அது கால் வைத்த இடத்திலிருந்துதான் நான் தேடத் தொடங்குவேன்.